பரந்தூருக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

ஒரு சின்ன கணக்கு. பயப்படாதீங்க, எம்-3 பேப்பர் இல்ல!

பரந்தூரில் ஏர்போர்ட் வந்துடுச்சுன்னு வெச்சுக்குவோம். உங்க அண்ணன் துபாய்க்கு வேலைக்குப் போறார். காலை 8 மணி ஃப்ளைட். வீடு மெரினா கலங்கரை விளக்கம் பக்கம். கையில ரெண்டு பெட்டி. டாக்ஸிக்குக் கொடுக்கக் காசில்ல, மெட்ரோதான். எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி 26 கி.மீ. பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரைக்கும் போட்டிருக்கிற மெட்ரோ திட்டம் கிட்டத்தட்ட 53 கி.மீ. ஆக மொத்தம் 79. எல்லா ஸ்டேஷனிலும் நின்னு போற மெட்ரோவுக்கு சராசரி வேகம் மணிக்கு 35 கி.மீ.ன்னு வைங்க. எங்கேயும் ரயில் மாறாமப் போனாலே ரெண்டே கால் மணி நேரம்! இப்போ சென்னையில் முதல் மெட்ரோ காலை 5 மணிக்கு. அதே நேரத்தில் ஏறினாலும் அண்ணன் போய்ச் சேர்றப்ப மணி 7.15. செக்-இன் கவுன்ட்டரை மூடியிருப்பாங்க. அண்ணன் பெட்டியோட வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பரந்தூர் அறிவிப்பு வந்தது 2022-ல். அன்னையிலிருந்து ஏகனாபுரம் மக்கள் விவசாய நிலத்தைத் தர மாட்டோம்னு போராடினாங்க. அவங்க கேள்வி பெருசு, அதை நான் ஒரு பத்தியில முடிச்சுட முடியாது. ஆனா ஒண்ணு. ஊரையே காலி பண்ணச் சொல்லி ஒரு ஏர்போர்ட் கட்டி, அதுக்குக் கார் வெச்சிருக்கிறவங்க மட்டும்தான் போக முடியும்னா, அது எந்த ஊர் நியாயம் பாஸ்?

உலகத்துல ரெண்டு விதமாவும் நடந்திருக்கு. ஹாங்காங்கில் 1998-ல் புது ஏர்போர்ட் திறந்த அன்னிக்கே அதுக்கான ரயிலும் ஓடிச்சு. கனடாவில் மான்ட்ரியல் பக்கத்துல மிராபெல்னு ஒரு ஏர்போர்ட், 1975-ல் திறந்தாங்க. ஊரை விட்டு ரொம்பத் தள்ளி. வரும்னு சொன்ன ரயில் வரவே இல்ல. வேற காரணங்களும் உண்டுதான், ஆனா 2004-ல் பயணிகள் விமானமே நின்னுபோச்சு. பக்கத்துலயே பாருங்க... பெங்களூரு தேவனஹள்ளி 2008-ல் திறந்தது. 2025 முடியும்போதுகூட மெட்ரோ எட்டலை. அத்தனை வருஷமும் தாங்கினது பஸ்!

சரி, என்ன பண்ணலாம்? நான் சிவில் மூணாவது வருஷம், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

ஒண்ணு, எக்ஸ்பிரஸ் ரயில். ரெண்டே தண்டவாளம் இருந்தா வேகமா வர்ற ரயில், முன்னாடி நின்னு நின்னு போறதுக்குப் பின்னால மாட்டிக்கும். சில ஸ்டேஷன்களில் ஓவர்டேக் பண்ண கூடுதல் தண்டவாளம் வேணும். அதுக்கான இடத்தை இப்பவே வரைபடத்துல விடணும். தூண் எழும்பின பிறகு கேட்டா கிடைக்காது.

ரெண்டு, ராத்திரி பஸ். மெட்ரோ 11 மணிக்குத் தூங்கிடும், விமானம் தூங்காது. கிளாம்பாக்கம், கோயம்பேடு மட்டுமில்ல, வேலூர், திருவண்ணாமலையிலிருந்தும் நேரா பஸ் வேணும். அங்கிருந்து வர்றவங்க எதுக்கு சென்னையைச் சுத்தணும்? ஏர்போர்ட்ல ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வீடு திரும்பறவங்களுக்கும் அதே பஸ்தான்.

மூணு, கடைசி 25 கி.மீ. 2025-ல் அரசு முதல் கட்டமா எடுத்தது பூந்தமல்லி-சுங்குவார்சத்திரம் வரைதான். அங்கே தொழிற்சாலைகள் இருக்கு, சரியான முடிவுதான். ஆனா விமானம் சுங்குவார்சத்திரத்துல இறங்காதே! மிச்ச தூரத்துக்கும் தேதி குறிக்கணும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி சீனியர் ரிப்போர்ட்டைத் தூசி தட்டுறவங்களே... உங்க ஊரிலிருந்து பரந்தூருக்கு காலை 8 மணி ஃப்ளைட்டைப் பிடிக்க வழி இருக்கான்னு கணக்குப் போட்டுப் பாருங்க. விடை இல்லைன்னு வந்தா, அதான் உங்க ப்ராஜெக்ட்!