முதலில் யாருக்குச் சொல்வது?

1980 டிசம்பர் 8, திங்கள் இரவு. மியாமியின் ஆரஞ்சு பவுல் மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடியச் சில வினாடிகளே பாக்கி. மியாமி டால்ஃபின்ஸ் 13, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 13. பேட்ரியட்ஸுக்கு வெற்றி தேடித்தரக்கூடிய உதைக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர் ஜான் ஸ்மித், இங்கிலாந்தில் பிறந்தவர். அப்போதுதான் ஏ.பி.சி. தொலைக்காட்சியின் வர்ணனையாளர் ஹோவர்டு கோசெல், யார் ஜெயித்தாலும் தோற்றாலும் இது வெறும் ஆட்டம்தான் என்று சொல்லிவிட்டு, பாடகர் ஜான் லெனன் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை அறிவித்தார். வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மைதானத்தில் கத்திக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அந்தக் குரல் எட்டவில்லை. ஸ்மித்தின் உதை தடுக்கப்பட்டது. கூடுதல் நேரத்தில் மியாமி 16-13 என்று வென்றது.

ஊடகத் துறையில் இந்தச் சம்பவம் பேச்சுக்கு வரும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் வரும்: விளையாட்டுக்கு நடுவே ஒரு சாவுச் செய்தியைச் சொல்லலாமா? அன்று கோசெலுக்கு இருந்த தயக்கமும் அதுதான். பின்னாளில் வெளியான ஒலிப்பதிவில், ஆட்டம் இழுபறியாக இருக்கும்போது இதைச் சொல்வது சரியா என்று அவர் யோசிப்பதும், பக்கத்தில் இருந்த சக வர்ணனையாளர் ஃபிராங்க் கிஃபோர்டு சொல்லிவிடும்படி வற்புறுத்துவதும் கேட்கின்றன. கோசெலுக்கு லெனன் அந்நியர் அல்ல. 1974 டிசம்பரில் இதே திங்கள் இரவு நிகழ்ச்சியின் வர்ணனை அறைக்கு லெனன் வந்திருக்கிறார். கோசெல் அவரைப் பேட்டி கண்டிருக்கிறார்.

சரி, விஷயம் எப்படி அந்த அறைக்கு வந்தது? லெனனும் மனைவி யோகோ ஓனோவும் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து திரும்பியபோது, அவர்கள் குடியிருந்த டகோட்டா கட்டடத்தின் வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. போலீஸ் காரில் அவரை ரூஸ்வெல்ட் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஏ.பி.சி. செய்திப் பிரிவைச் சேர்ந்த ஆலன் வைஸ் அதே அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். அன்று மாலைதான் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டிருந்தார். காவலர்கள் பேசிக்கொண்டதில் லெனன் பெயர் காதில் விழ, வலியோடு வலியாக அலுவலகத்துக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டார். தகவல் ரூன் ஆர்லெட்ஜிடம் போயிற்று. ஏ.பி.சி.யின் செய்திப் பிரிவு, விளையாட்டுப் பிரிவு இரண்டுக்கும் அவரே தலைவர். சாவு உறுதியானதும் வர்ணனை அறைக்குச் சொல்லப்பட்டது.

தொழில் என்ற அளவில் குறை சொல்ல முடியாத வேலை. கேள்விப்பட்டவுடன் ஒளிபரப்பிவிடவில்லை. இருந்தும் ஒரு பிசகு. முதுகில் இரண்டு குண்டு என்றார் கோசெல், பாய்ந்தவை நான்கு. அவசரத்தில் வரும் செய்தியில் சாவு சரியாக இருக்கும், விவரம் தப்பாக இருக்கும்.

ஆனால் அந்தச் சங்கிலியில் வைஸ், ஆர்லெட்ஜ், கிஃபோர்டு, கோசெல் என்று இத்தனை பேர் இருந்தும், யாராவது ஒருவர் லெனன் வீட்டில் இருப்பவர்களைப் பற்றிக் கேட்டதாக எந்த விவரிப்பிலும் நான் படித்ததில்லை. லெனனின் மகன் ஷானுக்கு அப்போது ஐந்து வயது. தன் மகன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கக்கூடும், தான் போய்ச் சொல்லும்வரை செய்தியை வெளியிட வேண்டாம் என்று யோகோ கேட்டுக்கொண்டதாக மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவர் பின்னாளில் சொன்னார். யோகோ வேண்டியது மருத்துவமனை நிர்வாகத்திடம். துப்பாக்கிச் சூட்டுத் தகவலோ அதே கட்டடத்திலிருந்து ஏற்கெனவே வெளியேறியிருந்தது. ஒரு ஆட்டத்தின் விறுவிறுப்பு கெடுமே என்று யோசிக்க நேரம் இருந்தது. ஒரு பிள்ளையைப் பற்றி யோசிக்க இல்லை.

இத்தனைக்கும் இதே நிறுவனத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்களும் பயிற்சியாளர்களும் பிணையாகப் பிடிக்கப்பட்டபோது ஏ.பி.சி.யின் ஒளிபரப்பை நடத்தியவர் இதே ஆர்லெட்ஜ். திரையில் பேசியவர் ஜிம் மெக்கே. பிணைக்கைதிகள் அனைவரும் மீட்கப்பட்டுவிட்டார்கள் என்று இரவில் உலகம் முழுக்கச் செய்தி பரவியது, பொய்ச் செய்தி. பதினொரு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்களில் ஒருவரான பளுதூக்கும் வீரர் டேவிட் பெர்கர் அமெரிக்காவின் ஒஹாயோவில் வளர்ந்தவர். அவருடைய பெற்றோர் அங்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள், மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதை என் வாயிலிருந்துதான் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு அந்த இரவு முழுக்கத் தன்னை விடவில்லை என்று மெக்கே பிற்பாடு நினைவுகூர்ந்தார். கோடிக்கணக்கானோருக்குப் பேசும்போது அவர் மனத்தில் வைத்துக்கொண்டது இரண்டே பேரை.

மெக்கேயின் தயக்கத்துக்கும் கோசெலின் தயக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஆட்டம் பெரிதா, சாவு பெரிதா என்பது ஒரு கேள்வியே இல்லை. பதில் தெரிந்த கேள்வி அது. ‘இது வெறும் ஆட்டம்தான்’ என்று சொன்ன கையோடு கோசெலும் ஆட்டத்துக்குத்தான் திரும்பினார். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. செத்தவர் வீட்டுத் தெருவிலும் பால்காரர் வரத்தான் செய்வார். ஆட்டமும் சாவும் ஒரே நாளில் நடக்கின்றன, ஒரே தாளில் அச்சாகின்றன. கேட்க வேண்டியது, முதலில் யாருக்குச் சொல்வது என்பதுதான். கேதம் சொல்லி அனுப்புவதில் நம் ஊர்களில் இன்றும் ஒரு வரிசை உண்டு. இன்னாருக்கு முதலில் சொல்லவில்லை என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு. நெருங்கியவருக்கு இருக்கும் உரிமையைத்தான் அந்த வரிசை காப்பாற்றுகிறது.

இன்று அந்தச் சங்கிலியே அறுந்துவிட்டது. மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் யார் கையிலும் கேமரா இருக்கிறது. ஸ்கோரும் சாவும் கைபேசித் திரையில் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்து வந்து விழுகின்றன. வராந்தாவில் நிற்பவரைத் தடுக்க முடியாதுதான். ஆனால் செய்தி அறைகள் தங்களைத் தடுத்துக்கொள்ளலாம். உறுதியாகிவிட்டதா என்று கேட்கும் அதே மூச்சில், வீட்டுக்குத் தெரியுமா என்றும் கேட்கலாம். தெரியாது என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். முந்திக்கொண்டு சொன்னவர் யார் என்பது மறுநாளே மறந்துபோகும். அப்பா செத்ததை டி.வி.யில் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது.

இறுதிச் சடங்குக் கூட்டம் எதையும் யோகோ நடத்தவில்லை. டிசம்பர் 14 ஞாயிறன்று பத்து நிமிட மௌனம் மட்டும் கேட்டார். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் பெருங்கூட்டம் பேச்சின்றி நின்றது. வானொலி நிலையங்கள் பலவும் அந்தப் பத்து நிமிடம் ஒலிபரப்பை நிறுத்தின. டிசம்பர் 8 இரவு அவர் கேட்டது இதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை.