எக்கோவாஸ் விலகலும் குடிமக்கள் இழந்த நீதிமன்றமும்

1996ஆம் ஆண்டு, நைஜர் நாட்டில் ஹதிஜாத்து மானி என்ற 12 வயதுச் சிறுமி 2,40,000 சி.எஃப்.ஏ. பிராங்குக்கு விற்கப்பட்டாள். அடிமையாகப் பல்லாண்டுகள் வாழ்ந்து, பின்னர் விடுதலைச் சான்றிதழ் பெற்று, தாம் விரும்பியவரை மணந்தார். பழைய எசமானர் அவரைத் தம் மனைவி என்று உரிமை கோரினார். இருமணக் குற்றத்திற்காகச் சிறைக்குச் சென்றவர், விற்கப்பட்ட அந்தப் பெண்தான். 2003ஆம் ஆண்டிலேயே அடிமைமுறையைக் குற்றமாக்கிய நாடு அது. சட்டம் இருந்தது, அதை அவருக்காகக் கையில் எடுக்க யாரும் இல்லை.

அவருக்கு நீதி கிடைத்தது மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகமான எக்கோவாஸின் நீதிமன்றத்தில். 2008 அக்டோபர் 27 அன்று, குடிமகளைக் காக்கத் தவறியதற்கு நைஜர் அரசே பொறுப்பு என்று அது தீர்ப்பளித்து, ஒரு கோடி பிராங்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

அந்த நீதிமன்றத்தின் தனித்தன்மை, அதன் வாயில் எளியோர்க்கும் திறந்திருப்பது. 2005ஆம் ஆண்டின் துணை நெறிமுறைக்குப் பின், மனித உரிமை மீறலுக்கு ஆளான எவரும் நேரடியாக அதை அணுகலாம். உள்நாட்டு நீதிமன்றங்கள் அனைத்திலும் ஏறி இறங்கிய பிறகே வரவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

2024 ஜனவரி 28 அன்று மாலி, புர்க்கினா பாசோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகளின் இராணுவ அரசுகள் எக்கோவாஸிலிருந்து உடனடியாக விலகுவதாக அறிவித்தன. ஒப்பந்தத்தின் 91ஆம் பிரிவு ஓராண்டு முன்னறிவிப்பைக் கோருகிறது. அதன்படி 2025 ஜனவரி 29 அன்று விலகல் நடைமுறைக்கு வந்தது.

விலகியவர்களின் சினத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2023 ஜூலையில் நைஜரில் ஆட்சி கவிழ்க்கப்பட்டபோது எக்கோவாஸ் எல்லைகளை மூடியது, நிதியை முடக்கியது, படையெடுப்பதாகவும் எச்சரித்தது. நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. இவற்றின் சுமை தளபதிகளைவிடச் சாதாரண மக்களையே அழுத்தியது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் அரசியலமைப்பை வளைத்து மூன்றாம் முறை பதவியில் அமர்ந்தபோது காட்டாத கடுமையை, இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மட்டும் காட்டுவது ஏன் என்ற கேள்வியும் நியாயமானதே.

ஆயினும், எக்கோவாஸின் அரசியல் தலைமை மீதான சினத்திற்கு விலை கொடுப்பவர் யார் என்று கேட்டாக வேண்டும். விலகல் நாளன்று எக்கோவாஸ் ஆணையம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மூன்று நாட்டினரின் கடவுச்சீட்டுகள் தொடர்ந்து ஏற்கப்படும், சரக்குகளுக்கான சலுகை நீடிக்கும், நுழைவு அனுமதியின்றிப் பயணம் செய்யலாம் என்றது. சாஹேல் நாடுகளும் எக்கோவாஸ் நாட்டினர் நுழைவு அனுமதியின்றித் தம் மண்ணுக்கு வரலாம் என்று அறிவித்திருந்தன. வணிகமும் பயணமும் இருதரப்புக்கும் நினைவிலிருந்தன. அந்த அறிவிப்பு அடுக்கிய சலுகைகளில் நீதிமன்றத்தை அணுகும் உரிமை இடம்பெறவில்லை.

இறையாண்மை என்ற பெயரால் விலகல் நியாயப்படுத்தப்படுகிறது. அந்தச் சொல்லுக்குள் இருப்பது ‘இறை’, ஆள்பவன். ஆளப்படுபவரின் உரிமை அதில் தானாக அடங்கிவிடுவதில்லை. 2023 டிசம்பர் 15 அன்று, சிறைவைக்கப்பட்ட குடியரசுத் தலைவர் முகமது பஸூமை விடுவிக்குமாறு அதே நீதிமன்றம் ஆணையிட்டது. நைஜர் அரசு பணியவில்லை. ஆறு வாரங்களில் விலகல் அறிவிப்பு வந்தது. அந்தத் தீர்ப்பே விலகலுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தன்னைக் கேள்வி கேட்கும் மன்றத்திலிருந்து ஓர் அரசு விடுபட்டது என்பது மட்டும் உறுதி.

மாற்று மன்றங்கள் இல்லையா? ஆருஷாவில் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் உண்டு; ஆனால் உள்நாட்டு வழிகளைத் தீர்த்த பின்னரே அங்கே செல்ல முடியும். சாஹேல் கூட்டமைப்பு தனக்கென நீதிமன்றம் அமைக்கப்போவதாகச் சொல்கிறது. ஆனால் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்தும் விலகுவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தவையும் இதே அரசுகள்தாம். 2012இல் தன் மண்ணில் நடந்த கொடுமைகளை விசாரிக்குமாறு அந்த நீதிமன்றத்தை அழைத்தது மாலி அரசே என்பதை மறக்கலாகாது.

பாதுகாப்பின் நிலையும் இதுவே. எக்கோவாஸ் நாடுகளிடையே குற்றவியல் வழக்குகளில் பரஸ்பர உதவிக்கு 1992ஆம் ஆண்டிலும், குற்றவாளிகளை ஒப்படைப்பதற்கு 1994ஆம் ஆண்டிலும் உடன்படிக்கைகள் உருவாயின. எல்லை தாண்டிய சாட்சியத்தையும் கைதியையும் நீதிமன்றத்திற்குக் கொண்டுவரும் பாதைகள் இவை. ஆயுதக் குழுக்களுக்கோ எல்லை ஒரு பொருட்டே இல்லை. பெனின், புர்க்கினா பாசோ, நைஜர் ஆகிய மூன்றும் பகிர்ந்துகொள்ளும் டபிள்யூ தேசியப் பூங்காப் பகுதியில் 2025 ஏப்ரலில் நடந்த தாக்குதலில் பெனின் வீரர்கள் 54 பேர் மாண்டனர். தாக்கியவர்கள் ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டிற்குள் நழுவக்கூடிய இடத்தில், இருபுறப் படைகளும் பேசிக்கொள்ளாதிருப்பது தாக்குபவர்க்கே துணையாகும். விலகலுக்கு முன்பே இந்த வன்முறை இருந்தது உண்மை. எக்கோவாஸ் அதைத் தடுத்து நிறுத்தியதும் இல்லை. எனினும் குறையுள்ள ஒத்துழைப்புக்கு மாற்று, ஒத்துழைப்பே இல்லாமை ஆகாது.

1975இல் தொடங்கிய எக்கோவாஸை 2000இல் விட்டு விலகிய மொரித்தானியா, இணை உறவுக்கான உடன்பாட்டில் கையொப்பமிட 2017 வரை ஆயிற்று. அறுந்த கயிற்றை முடிய ஒரு தலைமுறைக் காலம் பிடிக்கலாம். ஆகவே இன்றைய பேச்சுவார்த்தைகளில் சரக்கும் கடவுச்சீட்டும் பெற்ற இடத்தை நீதியும் பெற வேண்டும். உறுப்புரிமை இல்லாமலேயே ஒப்படைப்பு, சாட்சியப் பரிமாற்றம், எல்லைத் தகவல் ஆகியவற்றைத் தொடரத் தனி உடன்பாடு தேவை. மூன்று நாட்டு மக்களும் நேரடியாக அணுகக்கூடிய, ஆட்சியாளரைச் சாராத ஒரு மன்றமும் தேவை. அதன் பெயர் எதுவாயினும் சரி.

அரசுகள் தம்முள் பிணங்கலாம், பின்னர் கூடலாம். இன்று நைஜரில் விற்கப்படும் சிறுமி ஒருத்தி அதுவரை காத்திருக்க இயலாது.