வயிறு வேறு, நுரையீரல் வேறு



நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார்: "சார், வேப் திரவத்தை நாங்களே வீட்டில் கலக்கிறோம். கிளிசரினும் சாக்லேட் எசென்ஸும்தான். சாப்பிடுகிற பொருள்தானே, என்ன கெடுதல்?" நாலு பேர் கைதட்டியிருந்தார்கள். அதனால் இங்கே எல்லோருக்கும் பொதுவாகவே பதில் சொல்கிறேன்.

கொடைக்கானலில் "வீட்டில் செய்தது" என்றால் நம்பி வாங்குவார்கள். சாக்லேட்டுக்கு அது சரி. வயிற்றுக்குள் போவதை அமிலமும் கல்லீரலும் பார்த்துக்கொள்ளும். நுரையீரலுக்கு அந்தக் காவல் கிடையாது. சாக்லேட்டில் தண்ணீர் பட்டால் கட்டி தட்டும் என்பதால் எண்ணெயில் கரைத்த எசென்ஸ் ஊற்றுவார்கள். அந்தப் பாட்டிலையே வேப்பில் ஊற்றினால், நுரையீரலில் எண்ணெய் தங்கி நிமோனியா வரலாம்.

வெண்ணெய் வாசனை தரும் டையசிட்டைல் என்ற பொருளைத் தின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் 2000-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு பாப்கார்ன் ஆலையில் முன்பு வேலை பார்த்த 8 பேருக்கு, மூச்சுச் சிறுகுழாய்கள் தழும்பேறி அடைபடும் நோய் இருந்தது தெரியவந்தது. வாசனையைக் கலக்கும் தொட்டி அருகே நின்றவர்களுக்கே பாதிப்பு அதிகம். அந்தத் தழும்பு ஆறாது.

மாத்திரையில் வருகிற வைட்டமின் ஈ அசிடேட்டும் அப்படித்தான். கஞ்சாச் சத்து கலந்த வேப் திரவங்களில் அதைச் சேர்த்தார்கள். 2019-இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் நோய்க்கு முக்கியக் காரணம் அதுவே. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள்.

சிலர் நிகோடினும் வாங்கிக் கலக்கிறார்களாம். அசுவினிக்குப் புகையிலைக் கரைசல் அடித்த விவசாயக் குடும்பங்கள் நாம். பூச்சியைக் கொன்றது அந்த நிகோடின்தான். தோல் வழியாகவும் அது உடம்பில் ஏறும். ஒரு புள்ளி இடம் மாறினால் 3 மில்லிகிராம் 30 ஆகிவிடும். ஸ்ட்ராபெர்ரி மணக்கும் அந்தப் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்தால், பிள்ளைகள் ஜூஸ் என்று குடித்துவிட மாட்டார்களா?

"நிகோடின் சேர்க்கவில்லை, சட்டம் ஒன்றும் செய்யாது" என்பதும் தவறு. மின் சிகரெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் இருப்பு வைப்பதும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கருவி மின் சிகரெட்தான். தயாரித்தாலோ விற்றாலோ முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் கவனியுங்கள்: தெரிந்தே இருப்பு வைக்க இடம் கொடுத்தாலும் தண்டனை உண்டு.

"சிகரெட்டை விடத்தான் இது" என்பவர்கள் 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை. மத்திய அரசின் சேவை.

பூம்பாறை முதல் நம் போளூர், கிளாவரை வரை, இந்த மலைக்காற்றைச் சுவாசிக்கத்தான் ஊர் ஊராகக் கிளம்பி வருகிறார்கள். அதில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எசென்ஸ் புகையை இழுப்பதா? வீட்டில் அந்தப் பாட்டில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

நலமுடன் இருங்கள்.