ஜெயிக்க ஏமாற்றுவது வேறு, விற்க ஏமாற்றுவது வேறு!

2018 மார்ச், கேப் டவுன் டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் பான்கிராஃப்ட் உப்புத்தாளோடு கேமராவில் மாட்டினார். கேப்டன் ஸ்மித்துக்கு ஐசிசி கொடுத்தது ஒரே ஒரு டெஸ்ட் தடை, கூடவே மேட்ச் சம்பளம் கட். ஊரே கொதித்த பிறகு ஆஸ்திரேலிய போர்டு ஸ்மித்துக்கும் வார்னருக்கும் 12 மாதம், பான்கிராஃப்டுக்கு 9 மாதம் தடை போட்டது.

இன்னொன்று, 2010 ஆகஸ்ட், லார்ட்ஸ் டெஸ்ட். பாகிஸ்தானின் ஆமிரும் ஆசிஃபும் முன்கூட்டியே சொல்லி வைத்த பந்துகளில் நோ-பால் போட்டார்கள். கேப்டன் சல்மான் பட் உடந்தை. ஏஜென்ட் வாங்கிய பணம் 1,50,000 பவுண்டு. ஐசிசி தடையோடு இது முடியவில்லை. 2011-ல் லண்டன் கோர்ட் பட்டுக்கு 30 மாதம், ஆசிஃபுக்கு 12, ஆமிருக்கு 6 மாதம் சிறை கொடுத்தது.

இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "சீட்டிங்" என்று பேசுகிறோமே, அங்கேதான் தப்பு!

பந்தைச் சுரண்டுகிறவன் ஜெயிக்கத்தான் ஏமாற்றுகிறான். ஏமாறுவது எதிரணி. அதை கிரிக்கெட்டே பார்த்துக்கொள்ளட்டும். 2018 ஜூலையில் ஐசிசி இந்தக் குற்றத்துக்கு 6 டெஸ்ட் வரை தடை போடலாம் என்று விதியை இறுக்கியது. தாராளமாகப் போடட்டும், கேப்டனையும் சேர்த்தே போடட்டும்.

ஆட்டத்தை விற்கிறவன் வேறு ரகம். அவன் ஏமாற்றுவது காசு கொடுத்து டிக்கெட் வாங்கின உங்களையும் என்னையும்.

நம்ம ஊர் நிலைமை என்ன? 2013 ஐபிஎல் ஸ்பாட் ஃபிக்ஸிங் வழக்கில் ஸ்ரீசாந்த் உட்பட 36 பேரையும் 2015-ல் டெல்லி கோர்ட் விடுவித்தது. கர்நாடகா பிரீமியர் லீக் வழக்கில் 2022-ல் கர்நாடக ஹைகோர்ட், மேட்ச் ஃபிக்ஸிங் 420-க்குள் வராது என்றது. ரசிகர்கள் ஏமாந்ததாக நினைக்கலாம், ஆனால் டிக்கெட்டை அவர்களாகத்தானே விரும்பி வாங்கினார்கள் என்பது காரணங்களில் ஒன்று.

பி.காம். படிக்கிறவனுக்கு இது தொண்டையில் இறங்கவில்லை. எடையில் அடிக்கிற மளிகைக்கடைக்கும் நாம் விரும்பித்தான் போகிறோம். அதற்காக அந்தக் கடைக்காரரைச் சட்டம் சும்மா விடுகிறதா?

"போர்டுதான் தடை போடுதே?" என்பீர்கள். கல்லாவில் கை வைத்தவனை வேலையை விட்டு மட்டும் அனுப்பிவிட்டு போலீஸுக்குச் சொல்லாத முதலாளியை என்ன சொல்வோம்? "ஆமிருக்கு அப்போ 18 வயசு, பாவம்" என்பீர்கள். வயது தண்டனையைக் குறைக்கலாம். குற்றத்தையே இல்லாமல் ஆக்காது.

இலங்கை 2019-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டது. 10 வருடம் வரை சிறை. கிரிக்கெட்டில் இத்தனை கோடி புரளும் இந்தியாவில் இதற்கென்று ஒரு சட்டம் இல்லை. நான் கேட்பது மூன்றுதான். விற்றவனுக்கும் வாங்கின புக்கிக்கும் சிறை. சம்பாதித்த பணம் பறிமுதல். வலை வீசியதுமே வந்து சொல்கிற ஆட்டக்காரனுக்குப் பாதுகாப்பு.

சிஎஸ்கே நண்பர்களே, கோபப்படாமல் கேளுங்கள். பெட்டிங் விவகாரத்தில் 2015-ல் லோதா கமிட்டி குருநாத் மெய்யப்பனுக்கு ஆயுள் தடை, அணிக்கு 2 வருடத் தடை கொடுத்தது. 2018-ல் திரும்பி வந்தோம், கப் அடித்தோம், விசில் போட்டோம். நல்லது. அந்த விசிலில் பாதிச் சத்தத்தையாவது சட்டம் கேட்டுப் போட்டோமா?

டிக்கெட் வாங்குகிறவன் வெறும் ரசிகன் இல்லை சார், வாடிக்கையாளன். பில்லைக் காட்டி நியாயம் கேட்க அவனுக்கும் உரிமை உண்டு.