டவுன்லோடு ஊர்கிறதா? காவலாளியைத் துரத்தாதீர்கள்!

காட்பாடி காந்தி நகரில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். ஆம்பூர் கம்பெனிகளுக்குப் போட்ட பில், ஜி.எஸ்.டி. கணக்கு, தையல்காரர்களின் சம்பளப் பட்டியல் எல்லாம் ஹாலில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில். ப்ளஸ் டூ முடித்த மகன் ஸ்டீமில் கேம் இறக்குவதும் அதில்தான். ராத்திரி போட்டது விடிந்தும் முடியவில்லை. ‘ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுடா, பறக்கும்’ என்கிறான் நண்பன்.

பறக்கலாம். கூடவே அப்பாவின் கணக்கும் பறந்துவிடக் கூடாதே!

முதலில், வேகம் உண்மையிலேயே குறைவுதானா? ‘100 எம்.பி.பி.எஸ்.’ என்று இணைப்பு தருபவர் சொல்வது மெகாபிட். டவுன்லோடு அளவு மெகாபைட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்.பி.தான். 100 ஜி.பி. கேம் என்றால், தடையே இல்லாவிட்டாலும் இரண்டேகால் மணி நேரம் ஆகும். 12 வந்தால் யாரையும் திட்ட வேண்டாம். 2, 3-லேயே தள்ளாடினால், அதே வைஃபையில் செல்போனின் வேகத்தைப் பாருங்கள். போனில் நன்றாக வந்தால் கோளாறு கம்ப்யூட்டரில்.

ஸ்டீம், கேமைச் சுருக்கிய சின்னச் சின்னத் துண்டுகளாக வாங்கி, விரித்து, டிஸ்க்கில் எழுதுகிறது. எழுதப்படும் ஃபைல்களை ஆன்டிவைரஸ் நிறுத்திச் சோதிக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க் என்றால் இரண்டுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் திணறும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’ மேலே ஏறி உட்கார்ந்திருந்தால், காரணம் அநேகமாக அதுதான். ஃபயர்வால் வேறு ரகம். கதவைத் திறக்கும் அல்லது மூடும். டவுன்லோடு தொடங்கவே இல்லை என்றால் அதைச் சந்தேகிக்கலாம், ஊர்ந்துகொண்டிருந்தால் ஆன்டிவைரஸை. (கல்லூரி விடுதி வைஃபையில் தடை இருந்தால், லேப்டாப்பை நோண்டிப் பயனில்லை.)

காவலாளியை வீட்டுக்கு அனுப்பாமல், ‘இந்த ஒரு அறையை மட்டும் பார்க்காதே’ என்று சொல்ல வழி இருக்கிறது. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’, அதற்குள் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’, கடைசியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’. அங்கே ‘ஸ்டீம்ஆப்ஸ்’ ஃபோல்டரை மட்டும் சேருங்கள். ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரையோ, முழு ‘சி’ டிரைவையோ சேர்க்கவே கூடாது. வாட்ஸ்அப் வெப்பில் வந்த பில் முதல் முகம் தெரியாதவர் அனுப்பிய மெயில் இணைப்பு வரை இறங்குவது அங்கேதான். கேம் இறங்கியதும் விலக்கை நீக்கிவிடலாம்.

லேப்டாப் வாங்கும்போது இலவசமாக ஒட்டிக்கொண்டு வந்து, காலாவதியாகிக் கிடக்கும் ஆன்டிவைரஸ் இருந்தால் நீக்கிவிடுங்கள். விண்டோஸின் டிஃபெண்டர் பொறுப்பேற்றுக்கொள்ளும். ஸ்டீம் செட்டிங்ஸில் ‘டவுன்லோடு ரீஜன்’ சென்னையாக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

இவ்வளவும் காசு கொடுத்தோ, முறையாக இலவசமாகவோ வாங்கிய கேமுக்கு. ‘கிராக்’ கேமில் ‘முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும்’ என்று எழுதியிருந்தால், அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். கணக்கு ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அந்த வழியாகவும் வரும். இன்று சாயங்காலமே சம்பளப் பட்டியலை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, கழற்றி பீரோவில் வைத்துவிட்டு, அப்புறம் மகன் டவுன்லோடைத் தட்டட்டும்.