லிகமென்ட்டுக்குத் தமிழில் என்ன சார்?

நம் ஊரில் 'நரம்பு' என்கிற வார்த்தை படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. கை மரத்துப்போனால் நரம்பு. சரி, நியாயம். ஊசி போட வந்த நர்ஸ் ரத்தக்குழாயைத் தேடிவிட்டு, 'நரம்பே கிடைக்கலை' என்பார். குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி தட்டுப்படுகிறதே, அதுவும் நரம்பு. யாழின் தந்திக்கும் அதே பெயர்தான்!

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துக்கு (பாடகர் அல்ல, மருத்துவத் துறை இயக்ககம்) எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை. ஆபீஸ் நண்பர் அங்கே ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். தவம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். திரும்பும்போது முழங்காலில் 'டப்'பென்று சத்தம், ராத்திரிக்குள் பலூன் மாதிரி வீக்கம். 'எக்ஸ்ரேல எலும்பு ஓகே சார். நரம்புதான் பிசகியிருக்கு. அடுத்த வாரம் ஆடிடலாம்' என்றார், டீயை ஊதிக்கொண்டே.

எனக்குப் பகீரென்றது. எலும்பை எலும்போடு கட்டுவது லிகமென்ட். தசையை எலும்போடு கட்டுவது டெண்டன். மூட்டுக்குள் எலும்பு முனைக்கு வழுவழு மேல்பூச்சு கார்ட்டிலேஜ், அதாவது குருத்தெலும்பு. மூன்றுமே சாதா எக்ஸ்ரேயில் தெரியாது. அறுந்த லிகமென்ட்டோடு ஓடினால் முழங்கால் நழுவும், உள்ளே இருக்கும் குருத்தெலும்பும் சேர்ந்து கிழியும். ஆட்டோ பிடித்து, எலும்பு டாக்டரிடம் அனுப்பிவைத்தேன். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். லிகமென்ட் காலி. மட்டை பரணில்.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் டெண்டன் தசைநாண், லிகமென்ட் தசைநார். நாண் பிரமாதம். வில்லை வளைக்கிற மாதிரி தசை இழுக்க, எலும்பு அசைகிறது. ஆனால் தசைநார்? அது கட்டுவது இரண்டு எலும்புகளை. நடுவில் தசை எங்கே வந்தது? 'பிணைப்பு நார்' என்றிருந்தால் நண்பருக்குப் புரிந்திருக்கும் என்பது என் கட்சி.

இந்தத் தலைவலியை முதலில் இழுத்துப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவர் அமெரிக்கர். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். லண்டனில் 1858-ல் வெளியான கிரேயின் உடற்கூறு நூல், 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்துவிட்டது. பல் உடைக்கும் தலைப்புதான், ஆனாலும் மனுஷன் அசாத்திய உழைப்பாளி.

லத்தீன், கிரேக்கப் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். எலும்பிலுள்ள ஃபாஸா என்றால் வெறும் பள்ளம், ஃபோராமென் என்றால் ஓட்டை. நம்ம ரோடு வர்ணனைதான். இடுப்பெலும்புக் குழியின் பெயருக்கு அர்த்தம் காடிக் கிண்ணம். கணுக்கால் முண்டு சின்னச் சுத்தியல். நமக்கோ கரும்பில் இருக்கிற அதே கணு. முதுகுத்தண்டின் கடைசித் துண்டுக்கு கிரேக்கர்கள் வைத்த பெயர், குயில். அதன் அலகு மாதிரி வளைந்திருக்கிறதாம். நாம் கவிதையெல்லாம் பேசவில்லை. வால் எலும்பு என்று உண்மையைச் சொல்லிவிட்டோம்.