ஏரிக்கரையில் இளைஞர் பணி

தறியில் அமரும் முன் பாவு ஓட்டுதல், கஞ்சியிடுதல், அச்சுப் பிணைத்தல் என எத்தனை வேலைகள் உள்ளன என்பதை நெசவாள அங்கத்தினர் நன்கறிவர். நடவு முடிந்த பின்னரும் களையெடுப்பு, நீர்ப்பாய்ச்சல், காவல் எனப் பல மாத உழைப்பு உண்டு என்பதை விவசாய அங்கத்தினர் அறிவர். இவ்விரு தொழிலிலும் திட்டமின்றிப் பயன் கண்டவர் இலர். ஆனால், இளைஞரை அழைத்துச் சென்று ஏரியையும் மரத்தையும் காக்கும் பணிக்கு மட்டும் ஒரு காலைப் பொழுதே போதுமென நாம் எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணம் மாறவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

அஸ்தினாபுரத்தில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. நெமிலிச்சேரி, செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகள் நம்மைச் சூழ்ந்துள்ளன. செம்பாக்கத்தில் வழியும் நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரவேண்டும். அச்சதுப்பு நிலம் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. ஏரிகளும் கால்வாய்களும் தூர்ந்தால் நேர்வது யாதென 2015 டிசம்பரில் கண்டோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்து வெள்ளம் வீடுகளிற் புகுந்தது. குழித்தறி வைத்திருப்போர்க்கு வெள்ளத்தின் கொடுமையை விளக்க வேண்டுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் நடைபெற்ற மரநடு விழாவொன்றுக்கு மாணவரை அழைத்தவர்களுள் யானும் ஒருவன். அது மே மாதம். கன்றுகளுக்கு அன்று வண்டியில் தண்ணீர் வந்தது, மறுநாள் வரவில்லை. ஆடி பிறக்குமுன் அனைத்தும் கருகிவிட்டன. அடுத்த ஆண்டு அதே இடத்தில் குழி தோண்ட அழைத்தபோது ஒரு மாணவன், “போன வருஷம் நட்டதெல்லாம் எங்கே ஐயா?” என்று கேட்டான். எங்களுள் எவராலும் விடை கூற இயலவில்லை. அவன் மீண்டும் வரவேயில்லை. கருகிய கன்றுகளினும் பெரிய நட்டம் அதுவே.

நம் அண்டையிலேயே இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1988-ஆம் ஆண்டு முதல் சென்னைக் கடற்கரையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு பணியாற்றி வருகின்றது. சனவரியில் தொடங்கும் முட்டையிடும் பருவத்தில் இளைஞர்கள் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடக்கின்றனர். பங்குனி ஆமை மணலில் விட்டுச் சென்ற தடத்தைக் கண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கக்கூடிய குழியைத் தோண்டி, அவற்றைக் காப்பகத்திற் சேர்க்கின்றனர். ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். தெரு விளக்குகளின் ஒளி குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுப்பதால் இக்காவல் தேவைப்படுகின்றது.

இப்பணி ஒரு தலைமுறைக்கு மேல் நிலைத்திருப்பதன் காரணம் எளிது. பருவத்தை இயற்கை வகுத்தது. அதற்கேற்ப மனிதர் தம்மை அமைத்துக்கொண்டனர். செய்யவேண்டிய வேலை தெளிவானது. அதன் பயனைச் செய்தவரே கண்ணாற் காண்கின்றனர். மூத்தவரிடம் கற்ற மாணவர் பின்னர் வருவோர்க்கு வழிகாட்டுகின்றனர்.

இம்முறையை நம் ஏரிகளுக்கும் கொள்ளலாம். நீர் குறையும் சித்திரை, வைகாசியில் வரத்துக் கால்வாய்கள், கழிவுநீர் கலக்குமிடங்கள், குப்பை சேருமிடங்கள் ஆகியவற்றை இளைஞர் வரைபடமாகத் தீட்டலாம். ஆவணி, புரட்டாசியில் கால்வாய் அடைப்பை நீக்கிக் கரையில் பனை விதை ஊன்றலாம். பனை முளைத்தும் பல மாதங்கள் மண்ணுக்கு மேல் ஓலை காட்டாது. ஆகவே ஊன்றிய இடத்தைக் குறித்துவைக்கும் ஏடு இன்றியமையாதது. ஐப்பசி மழையில் மரக்கன்று நடலாம். பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பிற் பங்குகொள்ளலாம். கன்று நடுவோர் மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவோர் யாரென முதலில் எழுதிவைத்த பின்னரே குழி தோண்டவேண்டும்.

ஏரியைப் பொறுப்பில் வைத்துள்ள துறையின் அனுமதி, பெற்றோர் சம்மதம், கையுறை, குடிநீர், முதலுதவிப் பெட்டி ஆகியன முன்னரே ஆயத்தமாக இருக்கவேண்டும். கழிவுநீர் கலந்த ஏரியில் பிள்ளைகளை இறக்குதல் கூடாது.

“இவையெல்லாம் அரசும் மாநகராட்சியும் செய்யவேண்டியவை, படிக்கும் பிள்ளைகளை ஏன் வருத்த வேண்டும்?” என்பார் உளர். இதில் நியாயம் இல்லாமலில்லை. கழிவுநீர்க் குழாயை மாற்றுவதும் ஆக்கிரமிப்பை அகற்றுவதும் இளைஞரால் ஆகா. அவர்களைக் கூலியில்லா ஆட்களாகக் கருதுவதும் தவறு. எனினும், மக்கள் அக்கறை காட்டும் இடத்திலேயே அரசின் கவனமும் விழுகின்றது. 2019-ஆம் ஆண்டில் சிட்லபாக்கம் மக்கள் தாமே ஏரியைத் துப்புரவு செய்யத் தொடங்கினர். அதே ஆண்டில் அதன் சீரமைப்புக்கு அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. இளைஞர் எழுதிய ஏடும் வரைபடமும் கையிலிருந்தால் நம் மனுவுக்கும் வலிமை கூடும்.

பண்டு ஊரார் கூடி ஏரி காத்த குடிமராமத்தை நாம் போற்றுகிறோம். ஆனால், 1858-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் அதனைக் கட்டாய உழைப்பாக்கிற்று என்பதையும் மறத்தலாகாது. மதிப்பெண்ணுக்காகவும் வருகைப் பதிவுக்காகவும் இளைஞரை ஏரிக்கு ஓட்டிச் செல்வதும் ஒருவகைக் கட்டாயமே. விரும்பிச் சேர்தல், சமமாக வாக்களித்தல், கணக்கை யாவர்க்கும் காட்டுதல் என்பன கூட்டுறவின் அடிப்படைகள். அவற்றை இளைஞர்க்கும் அளித்தல் வேண்டும். எந்தக் கரையில் எவ்வேலை என்பதை அவர்களே கூடி முடிவு செய்யட்டும். ஏட்டையும் சிறு செலவுக் கணக்கையும் அவர்களே எழுதட்டும். மண்வெட்டியை மட்டும் இளைஞர் கையிற் கொடுத்து முடிவை நாமே வைத்துக்கொள்வதாயின் அவர்கள் நிலைத்திரார்.

அடுத்த பொதுச்சபையில் நம் அங்கத்தினர் இதனை ஆராயவேண்டும். ஓர் ஏரி, ஒரு கரை, இருபது இளைஞர், மூன்றாண்டுத் திட்டம், ஓர் ஏடு: தொடக்கத்திற்கு இவை போதும். ஆண்டுதோறும் அவ்வேட்டைப் பொதுச்சபையில் இளைஞரே படிக்கட்டும். நட்டவை எத்தனை, பிழைத்தவை எத்தனை என்று அவர்கள் கூறுமிடத்து, அன்று அம்மாணவன் கேட்ட வினாவுக்கு நாம் விடையளித்தவராவோம்.